முக்கால் இஞ்ச்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் தையல் கடைக்காரிக்கு ‘ஊசி’ என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவளிடம் ஒரு தடவையாவது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும். சொன்ன தேதிக்குத் துணி வாங்க வராதவர்களுக்குத் திட்டு, சொன்ன தேதிக்கு முன்னால் வந்து நிற்பவர்களுக்கும் திட்டு. வாசலில் வண்டியை நிறுத்தியவர்களின் வண்டிச் சக்கரத்துக்குக்கூடத் திட்டு விழுந்திருக்கிறது. மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, இவளுக்கு அது மூக்கைத் தாண்டி நெற்றிக்கே போயிருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடம் திறக்கும் பருவத்தில் அவள் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. அவள் தைத்த சீருடை போட்டால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்த பிள்ளையாகத் தெரியும்.

அந்த நெருப்பு நாக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பேசாது. அளவெடுக்க வந்தவர்களின் உடம்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஒருவருக்கு ஒரு தோள் தூக்கியிருக்கும், இன்னொருவருக்கு இடுப்பு ஒரு பக்கம் இறங்கியிருக்கும். பார்ப்பாள், டேப்பை வைப்பாள், அளவு நோட்டில் ஓரத்தில் ஒரு சின்னக் குறி போடுவாள், அவ்வளவுதான். தூக்கிய தோளுக்கு எதிர்த்தோளில் மெல்லிசாக ஒரு கேன்வாஸ் பட்டை உள்ளே போகும். ஏறிய பக்கத்துக்குக் கீழே அரை இஞ்ச் கூடுதலாக வெட்டுவாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவருக்கு எல்லாம் நேராகத் தெரியும், எதனால் என்று தெரியாது.

“உடம்பைப் பத்தி டெய்லர் பேசக் கூடாது. துணிதான் பேசணும்” என்று காஜாவிடம் சொல்வாள். காஜா என்பது கடையில் காஜா எடுத்துப் பட்டன் வைக்கும் பெண். பன்னிரண்டு வருஷமாக அதே முக்காலியில் உட்கார்ந்து அதே திட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

ஊசிக்கு ஒரே மகள். பதினோரு வயது முடியப்போகிறது. வீட்டில் கூப்பிடும் பெயர் சிட்டு. அப்பா கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில். ஆக, பிள்ளை வளர்ப்பு முழுக்க ஊசியின் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தில் ஈ நுழைவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதுதான். வெளித் தின்பண்டம் கிடையாது. மாதம் ஒரு தடவை மருந்துக் கடைத் தராசில் ஏற்றி நிறுத்துவாள். தினமும் சாயங்காலம் நகம், பல், காதுக்குப் பின்னால், தலை என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். வேறு வீட்டுக்குப் போய் விளையாடக் கூடாது. போன் கையில் கிடைத்தால் அரை மணி, அதுவும் இவள் பக்கத்தில் உட்கார்ந்து. சிட்டுவின் சிநேகிதி ஒருத்தி இருமினாள் என்பதற்காக அந்தப் பெண்ணின் அம்மாவை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவள்.

“என் புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்குத் தெரியாம வராது” என்று மார்தட்டிக்கொள்வாள். இதை நம்பாதவர்கள் உண்டு, ஆனால் அவள் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இல்லை.

அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் விசில் டீச்சர். பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில், கறுத்த முகம், சிரிப்பு என்பதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். போன வருஷம் சிட்டு மைதானத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது ஊசி தலைமையாசிரியைக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினாள். ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தை அதில் ஏழு இடத்தில் வந்தது. அதிலிருந்து இருவரும் சாலையில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி மருந்துக் கடையைப் பார்ப்பாள், இன்னொருத்தி வானத்தைப் பார்ப்பாள்.

அந்த விசில் டீச்சரிடமிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை சிட்டுவின் டைரியில் இரண்டு வரி வந்தது. ‘மாணவியின் முதுகு ஒரு பக்கமாக வளைந்திருப்பதாகத் தெரிகிறது. எலும்பு மருத்துவரிடம் காட்டவும்.’

மதியச் சாப்பாட்டுக்கு வந்த சிட்டு டைரியை நீட்ட, ஊசி அதைக் கடையில் நின்றபடியே படித்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். காஜா பயந்துபோய் முக்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். ஐந்து நிமிஷத்தில் ஊசி பள்ளி வாசலில் இருந்தாள்.

“என் புள்ளை முதுகைப் பத்தி எழுத நீ யாரு? டாக்டரா? பந்து பொறுக்குறவ எல்லாம் எலும்பு பார்க்க ஆரம்பிச்சாச்சா?”

“மரியாதையா பேசுங்க. கண்ணால பார்த்தேன், எழுதினேன்.”

“கண்ணால பார்த்தியா? நான் தினம் பார்க்கிறேன். தலை முதல் கால் வரைக்கும் பார்க்கிறேன். அளவெடுக்கிறவ நான். இஞ்ச் டேப்புக்குத் தெரியாதது உன் விசிலுக்குத் தெரியுமோ?”

“விளையாட்டு டிரெஸ்ல நிக்கும்போது நல்லாத் தெரியுதுங்க. யூனிஃபார்ம்ல தெரியல. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்தது.”

“டி-ஷர்ட் கோணலா இருக்கும். பள்ளிக்கூடத்துல மொத்தமா வாங்கித் தர்றதுக்கு எந்த லட்சணம் இருக்கும்? கோணத் துணியைப் போட்டுவிட்டு, கோண முதுகுன்னு என் புள்ளை மேல பழி போடறியா?”

விசில் டீச்சர் ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “குனியச் சொல்லிப் பாருங்க. அதுக்கப்புறம் வந்து எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஊசி பேசியதை எழுத முடியாது. வாசல் காவலாளி காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

ஊசி சும்மா இருக்கும் ஆள் இல்லை. டி-ஷர்ட் கோணல் என்பதை நிரூபித்து, அதை அப்படியே மேஜை மேல் விரித்துப் படம் எடுத்து, தலைமையாசிரியைக்கு அடுத்த கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தாள். சாயங்காலம் சிட்டு பள்ளியிலிருந்து வந்ததும் பையிலிருந்து டி-ஷர்ட்டை உருவினாள். வெட்டும் மேஜையில் போட்டு உள்ளங்கையால் நீவினாள். நடுமுதுகில் மடித்து, தோளோடு தோளும் கையோடு கையும் வைத்துப் பிடித்தாள்.

நூல் பிடித்ததுபோல் பொருந்தியது. பிரித்தாள், மறுபடி மடித்தாள். கீழ் விளிம்புகூட ஒன்றோடொன்று ஒட்டி நின்றது. மொத்த விலைக்கு வாங்கிய மட்டத் துணி, ஆனால் வெட்டில் ஒரு குறை சொல்ல முடியாது.

“என்னக்கா?” என்றாள் காஜா.

ஊசி டி-ஷர்ட்டை ஓரமாகத் தள்ளினாள். சிட்டு கழற்றிப் போட்டிருந்த சீருடைப் பினஃபோரை எடுத்தாள். தானே வெட்டி, தானே தைத்தது. மூன்று மாதம் ஆகவில்லை. அதையும் அதே மாதிரி நடுவில் மடித்தாள். வலது தோள் ஒரு பக்கம் நின்றது, இடது தோள் ஒரு பக்கம் நின்றது. இடது தோளுக்குள் விரலை விட்டால் கேன்வாஸ் பட்டை தட்டுப்பட்டது. கீழே வலது பக்கம் முக்கால் இஞ்ச் நீண்டு தொங்கியது.

அந்த முக்கால் இஞ்சை அவள் எப்போது சேர்த்தாள்? நினைவே இல்லை. அளவு நோட்டைப் புரட்டினாள். பள்ளி திறந்தபோது ‘வ. தோள் கால்’. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் தைத்ததற்கு ‘அரை’. இப்போது ‘முக்கால்’. எல்லாம் அவள் கையெழுத்துதான். நூறு வாடிக்கையாளர்களுக்குச் செய்வதைப் போலவே கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. மகளை மேஜைக்கு முன்னால் நிறுத்தி, டேப் வைத்து, வளைவைப் பார்த்து, குறித்துவைத்து, மறைத்துத் தைத்து, மாட்டிவிட்டு, “இப்ப பாரு, ராணி மாதிரி இருக்கே” என்று அனுப்பியிருக்கிறாள். மூன்று தடவை.

நடுவில் சிட்டு ஒருநாள், “அம்மா, பை ஒரு பக்கம் நழுவிக்கிட்டே இருக்கு” என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. “நேரா நில்லு, எருமை மாதிரி சாயாதே” என்று சொல்லி ஊசி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த இடம்கூட ஞாபகம் வந்தது.

“சிட்டு, இங்க வா. சட்டையைக் கழட்டு. குனி.”

திரைக்குப் பின்னால், கண்ணாடிக்கு முன்னால் சிட்டு குனிந்தாள். கையைக் கீழே தொங்கவிடச் சொன்னாள் ஊசி. முதுகின் வலது பக்கம், விலா எலும்பு இருக்கும் இடம், உள்ளங்கை அளவுக்கு மேடாக எழுந்து நின்றது. இடது பக்கம் தட்டை. பதினோரு வயது வரைக்கும் தினம் தினம் பார்த்த உடம்பு. நகத்தைப் பார்த்தவள், பல்லை எண்ணியவள், குனியச் சொல்லி ஒரு நாளும் பார்த்ததில்லை.

“என்னம்மா இருக்கு?” என்றது குனிந்தபடியே அந்தப் பிள்ளை.

“ஒண்ணுமில்ல” என்றாள் ஊசி. பொய் சொல்லி முடித்த அடுத்த நொடியே பிள்ளையின் சட்டையை எடுத்துத் தானே மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். அந்த அம்மாளும் ஒன்றும் கொஞ்சிப் பேசுகிற ரகம் இல்லை. முதுகெலும்பு எக்ஸ்ரேயில் மெதுவாக ஒரு பக்கம் ஒதுங்கிப் போய், மறுபடி திரும்பி வந்தது.

“இருபத்தெட்டு டிகிரி. இந்த வயசுலதான் சடசடன்னு வளருவாங்க. வளரும்போது வளைவும் சேர்ந்து வளரும். எப்போலேர்ந்து இருக்குன்னு ஏதாவது தெரியுமா? பெரும்பாலும் யாருக்கும் தெரியறதில்ல.”

“தெரியும்” என்றாள் ஊசி. “பள்ளிக்கூடம் திறந்தப்போ கால் இஞ்ச். அரையாண்டுக்கு முன்னாடி அரை. இப்போ முக்கால்.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். “அளந்தீங்களா?”

“நான் டெய்லர்.”

“அளந்தீங்க. மூணு தடவை. அப்புறம் ஏம்மா கூட்டிட்டு வரல?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது இதுவரைக்கும் ஊசியின் வேலையாக இருந்தது. இப்போது அவள் பதில் தேடினாள். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், துணியில் சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தேன் என்பதுதான் உண்மையான பதில். பக்கத்து நாற்காலியில் சிட்டு தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவே இல்லை.

“நான் சாஞ்சு நின்னதாலயா வந்துச்சு?” என்று சிட்டு டாக்டரிடம் கேட்டாள்.

“இல்லவே இல்ல. சாஞ்சு நின்னதாலயும் இல்ல, பை தூக்கினதாலயும் இல்ல. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“அப்போ அம்மா என்னை அடிச்சது?”

டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றி உறையில் போட்டார்.

டாக்டர் பெல்ட்டைப் பற்றிச் சொன்னார். பெயர்தான் பெல்ட். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் வரும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. குளிக்கும் நேரமும் விளையாடும் நேரமும் போக மீதி நேரமெல்லாம், தூங்கும்போதும், போட்டிருக்க வேண்டும். வளர்ச்சி நிற்கும் வரைக்கும், இரண்டு வருஷமோ மூன்றோ. அது வளைவை நேராக்காது, மேலே போகாமல் பிடித்துவைக்கும். பிடித்தால் நல்லது. பிடிக்காமல் வளைவு ஐம்பது டிகிரியைத் தொட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும்.

“முன்னாடியே வந்திருந்தா?” என்றாள் ஊசி.

“வளைவு சின்னதா இருந்திருக்கும். பெல்ட்டே வேண்டாம்னு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை கப்பலிலிருந்து சிட்டுவின் அப்பா கூப்பிட்டார். ஊசி விஷயத்தைச் சொன்னாள். “நீதான் தினமும் பார்ப்பியே” என்றார். குத்தல் இல்லாமல்தான் சொன்னார், நிஜமாகவே புரியாமல். ஊசி போனைத் துண்டித்துவிட்டாள். அடுத்த இரண்டு அழைப்பையும் எடுக்கவில்லை.

பெல்ட் தயாராக இரண்டு வாரம் ஆனது. அதற்குள் டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. விசில் டீச்சர் அதை மைதானத்து ஓரத்தில் நின்றே படித்தாள். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை வந்தால் என்ன பதில் சொல்வது என்று ஊசி வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். டீச்சர் அதைச் சொல்லவில்லை. சொன்னது அதைவிட மோசம்.

“நான் ரெண்டு மாசம் முன்னாடியே பார்த்துட்டேன்.”

“என்னது?”

“ரெண்டு மாசம் முன்னாடி. உங்க பொண்ணுகிட்ட கேட்டேன். ‘எங்கம்மா தினமும் பார்க்கிறாங்க மிஸ், இருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்’னா. எனக்கும் உறுதியா தெரியல. அதுவும் இல்லாம, முட்டி சிராய்ப்புக்கு நீங்க எழுதின மூணு பக்கம் என் ஃபைல்ல இருக்கு. அதனால எனக்கு அந்த வருஷச் சம்பள உயர்வு வரல. இன்னொரு லெட்டர் வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் மனசு கேக்கல, எழுதினேன். ரெண்டு மாசம் லேட்டா எழுதினது என் தப்பு. ஆனா அதுல பாதி உங்களுது.”

“ஒரு சின்னப் புள்ளை முதுகைவிட உனக்குச் சம்பளம் பெரிசாப் போச்சா?”

“உங்களுக்கு உங்க வாய் பெரிசாப் போகலையா?”

இருவரும் வெயிலில் நின்று ஒருவரை ஒருவர் எரிப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம் என்பதுதான் அங்கே பெரிய அநியாயம். கடைசியில் டீச்சர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “விளையாட்டுக்கு வரட்டும். பெல்ட்டைக் கழட்டிட்டு ஓடலாம்னு டாக்டர் எழுதியிருக்காங்க. ஓட வைப்பேன், உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும்” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினாள்.

பெல்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் சண்டைதான். முதல் வாரம் சிட்டு அழுதாள். இடுப்பில் சிவந்து தடித்தது, மூச்சு முட்டுகிறது என்றாள், தூங்கவே முடியவில்லை என்றாள். ஊசி திட்டினாள், கெஞ்சினாள், மறுபடி திட்டினாள். இரண்டாவது வாரம் சிட்டு அழுவதை நிறுத்திவிட்டு அம்மாவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அது இன்னும் தாங்க முடியவில்லை.

பெல்ட் பழகட்டும் என்று லீவு போட்டிருந்த சிட்டு பள்ளிக்குத் திரும்ப வேண்டும், பழைய சீருடையோ பெல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. ஊசிக்கு இதில் மட்டும் நம்பிக்கை இருந்தது. உலகத்தில் அவளைவிட நன்றாக மறைக்கத் தெரிந்தவர் கிடையாது. கடையை ஒரு நாள் மூடிவிட்டு உட்கார்ந்தாள். முன்பக்கம் ஒரு மடிப்பு, பக்கத்தில் கொஞ்சம் தளர்வு, முதுகில் கழுத்திலிருந்து விழும் அகலப் பட்டி. உள்ளே ஒரு கூடு இருப்பதைச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். காஜா பார்த்துவிட்டு, “அக்கா, இது தையல் இல்ல, வித்தை” என்றாள்.

சிட்டு அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அம்மாவிடம் வாய் திறந்தாள்.

“ஒண்ணுமே தெரியல.”

“தெரியாது. யாருக்கும் தெரியாது. யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது” என்றாள் ஊசி. அவள் குரலில் எவ்வளவோ நாளுக்குப் பிறகு ஒரு சந்தோஷம் இருந்தது.

சிட்டு பட்டனைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“என்னடி?”

“எனக்கு இது வேண்டாம். கடையில வாங்கிக் குடு. எல்லாரும் போடுற மாதிரி.”

“கடையில வாங்கினா பெல்ட்டு அப்படியே புடைச்சுக்கிட்டுத் தெரியும்டி! முதுகுல தகரம் வச்ச மாதிரி!”

“தெரியட்டும்.”

“எல்லாரும் கேட்பாங்க!”

“கேட்கட்டும். நீ தைச்சா யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கே தெரியல. இனிமே நீ எனக்குத் தைக்காதே.”

ஊசியின் கை தானாக ஓங்கியது. பாதியில் நின்றது. பிள்ளை நகரவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு ஊசி கடையை விட்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சீருடை இருந்தது. அதை மகள் மடியில் எறிந்துவிட்டு மிஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். காஜாவுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக அவள் நினைப்பு.

மறுநாள் காலை பள்ளி வாசலில் கூட்டம். கடைச் சீருடைக்குள்ளிருந்து பெல்ட் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு தெரிந்தது. ஊசி மகளுக்கு ஒரு அடி பின்னால் நடந்தாள், எவளாவது வாயைத் திறக்கட்டும், கிழித்துத் தொங்கவிடுகிறேன் என்ற முகத்தோடு. பல பேர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். ஆனால் பல வருஷ வாடிக்கைக்காரி ஒருத்தி, இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, நேராகவே கேட்டுவிட்டாள்.

“அய்யோ, சிட்டு, உள்ள என்னம்மா போட்டிருக்கே? என்ன ஆச்சு?”

ஊசி வாயைத் திறந்தாள். சிட்டு முந்திக்கொண்டாள்.

“முதுகு வளைஞ்சிருக்கு ஆன்ட்டி. அதுக்கு பெல்ட். எங்கம்மா லேட்டா கண்டுபிடிச்சாங்க.”

சுற்றி இருந்த நாலைந்து தலைகள் ஊசியின் பக்கம் திரும்பின. எல்லாம் அவள் அளவெடுத்த பெண்கள், எல்லாம் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். இத்தனை வருஷத்தில் அவள் எவரிடமும் எதையும் ஒப்புக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. சிட்டுகூட நிமிர்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள், அடி விழுமா திட்டு விழுமா என்று காத்திருப்பதுபோல.

“ஆமா” என்றாள் ஊசி. “லேட்டாத்தான் கண்டுபிடிச்சேன். நீங்களும் உங்க புள்ளைங்களை வீட்டுக்குப் போய்க் குனியச் சொல்லிப் பாருங்க. போங்க.”